கமெராப் பெட்டியின் ஹாட் டிஸ்க் நம் கணினிக்கு உதவுமா?



மாத்தளை நகரத்துக் கடைகளிலும் தம்புள்ளைச் சந்தைப் பக்கத்திலும் கண்காணிப்புக் கமெரா இன்று சாதாரணப் பொருள். அதன் பதிவுப் பெட்டியை மாற்றும்போது உள்ளே இருந்த ஹாட் டிஸ்க்கை மலிவாகக் கொடுத்துவிடுகிறார்கள். தட்டச்சு, போட்டோப் பிரதி, தையல் கணக்கு என்று ஒரு கணினியை நம்பிப் பிழைக்கும் சகோதரிகளுக்கு அது பயன்படுமா? பயன்படும். ஆனால், இரண்டாவது டிஸ்க்காக மட்டுமே.

இரண்டாவது டிஸ்க் எதற்கு? பத்திரத்தைத் தொலைத்தவளுக்குத்தான் அதன் அருமை தெரியும். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், காணாமல் போன மகனின் ஒரேயொரு படம், அவனுக்காகக் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி: இவை இல்லாமல் எத்தனை அலுவலகப் படிகளில் ஏறி இறங்கினோம்! யுத்தம் மட்டுமல்ல, 2025 நவம்பரில் வந்த டித்வா புயலின் வெள்ளமும் மண்சரிவும் மாத்தளை மாவட்டத்தில் வீடுகளைக் கொண்டுபோயின.

நமக்கு அருகிலுள்ள அலுவிகாரையை நினைத்துப் பாருங்கள். மனப்பாடமாகவே காக்கப்பட்ட பாளி நூல்கள், பஞ்சத்திலும் போரிலும் அழிந்துவிடும் என்று அஞ்சி, கி.மு. முதலாம் நூற்றாண்டில் அங்கேதான் ஓலையில் எழுதப்பட்டன. 1848 மாத்தளைக் கிளர்ச்சியின்போது அந்த விகாரையின் ஓலைச் சுவடிகள் அழிந்தன. ஆனால் பிரதிகள் வேறிடங்களில் இருந்ததால் அந்த நூல்கள் பிழைத்தன.

இனி டிஸ்க்கைப் பார்ப்போம். கமெராப் பெட்டியில் உள்ளதும் மேசைக் கணினியில் உள்ளதும் பெரும்பாலும் ஒரே அளவான மூன்றரை அங்குல சாட்டா டிஸ்க்தான். வயர்களும் ஒன்றே. படம் தடையின்றிப் பதிவாக, சிறு பிழைகளில் நின்றுவிடாமல் எழுதிச் செல்லும் தனிக் கட்டளைகள் அதில் உண்டு. நம் கணினி அவற்றைப் பயன்படுத்தாது. ஆகவே அது சாதாரண டிஸ்க்காகவே வேலை செய்யும். வேகம் சற்றுக் குறைவு என்பதால் வின்டோஸைப் பழைய டிஸ்க்கிலேயே விட்டுவிடுங்கள்.

வாங்குவதற்கு முன் அதன் வயதைக் கேளுங்கள். இரவு பகலாக ஓடிய டிஸ்க் ஒரு வருடத்தில் 8,760 மணித்தியாலங்கள் உழைத்திருக்கும். மூன்று வருடமென்றால் 26,280. இலவசமாகக் கிடைக்கும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருள் இந்த மணிக்கணக்கைக் காட்டும். பழுதான பகுதிகள் உண்டென்று அது எச்சரித்தாலோ, டிஸ்க் டக் டக்கென்று சத்தமிட்டாலோ, இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.

பொருத்தும் முறை இதுதான்:

1. கணினியை நிறுத்தி, மின்வயரைக் கழற்றுங்கள். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்ட பிறகே உள்ளே கை வையுங்கள்.

2. டிஸ்க்கை ஆணியிட்டு இறுக்கி, தரவு வயரையும் மின் வயரையும் செருகுங்கள். ஆடினால் ஆயுள் குறையும்.

3. வின்டோஸில் டிஸ்க் மனேஜ்மென்ட் பகுதியைத் திறவுங்கள். கமெராப் பெட்டி எழுதிய முறை பெரும்பாலும் வின்டோஸுக்கு விளங்காது. புதிதாக ஒழுங்கு செய்யவா என்று கேட்கும். இங்கே நிதானம் தேவை. அளவைப் பார்த்து, புதிதாகப் பூட்டியது எது என்று உறுதி செய்யுங்கள். தவறான டிஸ்க்கைத் தொட்டால் உங்கள் வேலையெல்லாம் போய்விடும்.

4. பழைய பகுதிகளை அழித்து, ஜிபிடி முறையைத் தெரிவு செய்து, என்டிஎஃப்எஸ் ஆக ஃபோமட் செய்யுங்கள். இரண்டு டெராபைட்டுக்கு மேற்பட்ட டிஸ்க்குக்கு ஜிபிடி கட்டாயம்.

ஃபோமட் செய்யும்போது 'குயிக்' என்பதிலுள்ள அடையாளத்தை எடுத்துவிடுங்கள். சில மணித்தியாலங்கள் செல்லும், பொறுத்திருங்கள். விரைவு முறையில் பழைய படங்கள் முற்றாக அழிவதில்லை, மீட்டெடுக்க முடியும். அந்தக் கடைக்கு வந்துபோன பெண்களின் முகங்களும் பிள்ளைகளின் முகங்களும் அதில் இருக்கும். சோதனைச் சாவடியிலும் முகாமிலும் பிறர் கண்ணுக்குக் கீழே வாழ்ந்தவர்கள் நம்மில் பலர். இன்னொருத்திக்கு அந்த நிலை நம்மால் வரக்கூடாது. படங்களைப் பார்க்காமலே முழுதாக அழித்துவிடுங்கள். நம் டிஸ்க்கை விற்கும்போதும் இதையே செய்யுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. இந்த டிஸ்க்கும் ஒருநாள் நின்றுபோகும். இதில் வைப்பது பிரதியாக இருக்கட்டும். ஒரே பிரதியாக இருக்க வேண்டாம். இன்னொரு பிரதியை ஒரு பென்டிரைவில் போட்டு, நம்பிக்கையான உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். மூலப் பத்திரங்களைத் தண்ணீர் புகாத பையில், அவசரத்தில் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். பத்திரங்களைப் படம் எடுக்கும் வேலையை இந்த வாரமே தொடங்குங்கள், சகோதரிகளே.