சாத்தானை எங்கே தேடுகிறோம்?

2023ஆம் ஆண்டு ஏப்ரல் 14. பாஸ்கா எண்கிழமையின் வெள்ளி. தமிழ்ப் புத்தாண்டு நாளும்கூட. விழுப்புரத்தில் காலைத் திருப்பலியை முடித்து நாம் வெளியே வந்தபோது, பங்கு இல்லத்தின் படிக்கட்டில் நான்கு இளைஞர்கள் ஒரு கைபேசியைச் சுற்றி அமர்ந்து கடுமையாக வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்ப்பவர்கள்; ஒரு காலத்தில் நம் பலிபீடத்தில் பூசை உதவி செய்தவர்கள். மெட்டாலிக்கா என்னும் அமெரிக்க ராக் இசைக்குழுவின் ‘செவன்டி டூ சீசன்ஸ்’ என்ற புதிய இசைத்தொகுப்பு அன்றுதான் உலகெங்கும் வெளியாகியிருந்தது. ஒருவருக்கு அது அற்புதம். அடுத்தவருக்கு அது வயதானவர்களின் புலம்பல். எழுபத்தேழு நிமிடம் ஓடுவதை நாற்பதாகக் குறைத்திருக்கலாம் என்றார் மூன்றாமவர். நான்காமவரோ, 1986க்குப் பிறகு இவர்கள் செய்த எதுவுமே இசையல்ல என்று தீர்ப்பளித்தார். அவர் பிறந்ததோ 1990களின் நடுவில்!

அவ்வழியே வந்த பங்குப் பேரவைப் பெரியவர் ஒருவர் நம்மை நிறுத்தி, “கோவில் வாசல்லேயே சாத்தான் பாட்டு கேக்குறாங்க, நீங்க பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே சாமி” என்று வருந்தினார். அவருக்கு நாம் தரும் மறுமொழியே இக்கட்டுரை. அந்த நால்வருக்கும் சொல்ல வேண்டியது உண்டு. நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியதும் உண்டு. மூன்றிலும் கசப்பானது அதுவே.

முதலில் பெரியவரின் குற்றச்சாட்டு. அதை நாம் ஏளனம் செய்ய இயலாது. ஏனெனில் அதை மேடையேறிப் பேசியவர்களுள் நாமும் ஒருவர். 1998இல், குருப்பட்டம் பெற்ற புதிதில், திண்டிவனம் பகுதியில் ஓர் இளைஞர் தியானத்தை நடத்தினோம். ராக் இசை சாத்தானின் கருவி என்றும், நாடாவைப் பின்னோக்கிச் சுழற்றினால் தீய செய்தி ஒலிக்கும் என்றும், எவரோ அச்சிட்டுக் கொடுத்த கைப்பிரதியை நம்பிப் பேசினோம். இறுதி நாளில் ஒலிநாடாக்களைக் கொண்டுவரச் செய்து தீயிலிட்டோம். பதினேழு வயது மதிக்கத்தக்க ஒருவர் தம் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு, “சாமி, இத நீங்க கேட்டுப் பாத்தீங்களா?” என்று கேட்டார். நாம் கேட்டதில்லை. கேட்டதில்லை என்று சொல்லும் துணிவும் அன்று நமக்கு இல்லை. நாடாவை வாங்கித் தீயில் போட்டோம். அதன்பின் அவர் கோவிலுக்கு வரவில்லை.

விடுதலைப் பயண நூலின் 32ஆம் அதிகாரத்தை எண்ணிப் பாருங்கள். மலையிலிருந்து இறங்கும்போது யோசுவாவின் காதில் இரைச்சல் விழுகிறது. போர் நடக்கிறது என்று அவர் முடிவுகட்டிவிடுகிறார். மோசேயோ செவிகொடுத்துக் கேட்டு, அது போர் முழக்கம் அன்று, பாட்டு என்று அறிந்து சொல்கிறார். பின்பு மோசே கன்றுக்குட்டியை உடைத்தார் என்பது உண்மை. ஆனால் இன்ன ஓசை என்று கேட்டறிந்த பின்பே உடைத்தார். நாம் யோசுவாவின் காதோடு மோசேயின் கோபத்தைக் கொண்டாடிவிட்டோம்.

கேட்டிருந்தால் என்ன கேட்டிருப்போம்? இக்குழுவின் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு 1963இல் பிறந்தவர். அவருடைய பெற்றோர் ‘கிறிஸ்தவ விஞ்ஞானம்’ என்னும் அமெரிக்கச் சபையைச் சேர்ந்தவர்கள். மருத்துவத்தை நாடாமல் செபத்தால் மட்டுமே குணம் பெற வேண்டும் என்பது அச்சபையின் வழக்கம். தந்தை வீட்டை விட்டு வெளியேறினார். தாய் புற்றுநோயால் இறந்தபோது மகனுக்கு வயது பதினாறு. ‘தோற்றுப்போன கடவுள்’ என்று பொருள்படும் தலைப்பில் 1991இல் அவர் பாடிய பாடல் அந்தத் துயரத்திலிருந்து பிறந்தது. தலைப்பை மட்டும் படித்தவர் அதை இறைநிந்தை என்பார். வாழ்வைப் படித்தவர் கேட்கும் கேள்வி வேறு: அச்சிறுவனுக்குத் தோற்ற கடவுளைக் காட்டியவர் யார்? சாத்தான் அன்று, மருத்துவரைத் தடுத்த பக்தர்கள். விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு என்று முழங்கும் செபக்கூட்டங்கள் நம் ஊர்ப்பக்கம் இல்லையா? அங்கே தாயை இழந்த பிள்ளை நாளை என்ன பாடும்?

‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ என்ற 1986ஆம் ஆண்டுப் பாடல் போதைப்பொருள் மனிதனைக் கயிற்றுப் பொம்மையாக்கி ஆட்டுவதைச் சொல்கிறது. 1988இல் வந்த ‘ஒன்’ என்ற பாடல் போரில் கை கால்களையும் கண்ணையும் செவியையும் இழந்த ஒரு வீரனின் உள்ளக் கதறல். இவையெல்லாம் சாத்தானின் புகழ்ச்சியா? 2023 மே மாதம், அந்தப் புதிய தொகுப்பு வந்து ஒரு மாதம் ஆவதற்குள், மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து மீனவக் குடும்பங்கள் சிதைந்தன. விழுப்புரம், செங்கல்பட்டு ஆகிய இரு மாவட்டங்களிலும் சேர்த்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறு ஆண்டு சூன் மாதம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர். சாத்தானைத் தேடுகிறவர்கள் அந்தச் சாராயப் பொட்டலத்திற்குள் தேடியிருக்க வேண்டும். அவன் ஆட்டுவிக்கும் கயிற்றை அடையாளம் காட்டிய பாட்டைச் சாத்தான் பாட்டு என்றோம். பொட்டலம் விற்றவனை எத்தனை மறையுரைகளில் கண்டித்தோம்?

இன்னொன்றும் உண்டு. அத்தொகுப்பின் முதல் பாடல் 2022 நவம்பர் 28 அன்று முன்னதாக வெளியானது. அதன் தலைப்பு ‘லுக்ஸ் எத்தேர்னா’. இறந்தோர் திருப்பலியின் இலத்தீன் வழிபாட்டில் முடிவில்லா ஒளியைக் குறிக்கும் அதே சொற்கள். இறந்தோரை நினைக்கும் அதே நவம்பர் மாதம். அப்பாடல் இறந்தோருக்கான மன்றாட்டு அன்று; இசையரங்கில் ஒன்றுகூடும் மக்களின் களிப்பைப் பாடுவது. ஆயினும் நம் முன்னோரின் வழிபாட்டுச் சொல் அவர்கள் நாவில் இன்னும் உயிரோடு இருக்கிறது. நம் இளைஞர் எத்தனை பேருக்கு அச்சொல் நம்முடையது என்று தெரியும்?

மறுப்புரையை நாம் மறைக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் நார்வே நாட்டில் இவ்வகை இசையின் தீவிரக் கிளையொன்றைச் சேர்ந்தவர்கள் ஆலயங்களுக்குத் தீ வைத்தார்கள். 1992இல் ஃபன்டாஃப்ட் என்னும் பழைய மரக்கோவில் எரிந்தது. அது குற்றம்; இசை என்ற பெயரால் அதற்கு மன்னிப்பு இல்லை. பின்னாளில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்டாகிய கர்தினால் இராட்சிங்கர், திருவழிபாடு பற்றி 2000இல் வெளியிட்ட நூலில், ராக் இசைத் திருவிழாக்கள் கூட்ட வெறியில் மனிதனைத் தன்னிலை மறக்கச் செய்து, கிறிஸ்தவ வழிபாட்டுக்கு எதிரான ஒரு வழிபாடாகவே மாறுவதாக எச்சரித்தார். பலிபீடத்தருகே எந்த இசை தகும் என்பதில் அவர் சொல்லை நாம் மதிக்கிறோம். ஆனால் படிக்கட்டில் அமர்ந்திருந்தவர்கள் திருப்பலியில் மெட்டாலிக்காவைப் பாட வேண்டும் என்று கேட்கவில்லை. 1997 செப்டம்பர் 27 அன்று பொலோஞா நகரின் நற்கருணை மாநாட்டில் பாப் டிலன் பாடினார். அதில் தமக்கு ஐயம் இருந்ததை இராட்சிங்கர் பின்னர் எழுதினார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலோ அமர்ந்து கேட்டார். கேட்டபின் காற்றைப் பற்றிய டிலனின் பாட்டையே எடுத்துக்கொண்டு தூய ஆவியாரைப் பற்றி இளைஞரிடம் பேசினார். கேட்டதால் அவருக்குப் பேச வழி கிடைத்தது. இத்தாலியில் சேசரே பொனிட்சி என்ற கப்புச்சின் சகோதரர் துறவு உடையுடனேயே 2008இல் ஒரு பெரும் மெட்டல் இசைவிழாவில் பாடினார். அவரைப் போல் எல்லாரும் பாட வேண்டியதில்லை. எல்லாரும் கேட்கலாம்.

இனி ரசிக அன்பர்களுக்கு. உங்களிடம் கிதார் இருப்பது நமக்குக் கவலையில்லை. உங்கள் தீர்ப்பு மேசைதான் கவலை. 1991இல் இக்குழு எளிமையான பாடல்களைத் தந்தபோது விலைபோய்விட்டார்கள் என்றீர்கள்; அத்தொகுப்பையோ உலகம் மூன்று கோடிக்கு மேல் வாங்கியது. 1996இல் முடியைக் குறைத்துக்கொண்டதற்காகத் துரோகிகள் என்றீர்கள். மதுப்பழக்கத்துக்குச் சிகிச்சை பெற்று ஹெட்ஃபீல்டு மீண்டு வந்தபின் 2003இல் வந்த தொகுப்பில், ஒரு மனிதன் பிழைத்து வந்ததை விட முரசு தகரம்போல் ஒலிப்பதே உங்களில் பலருக்குப் பெரிதாகப் பட்டது. 2011 அக்டோபர் 28 அன்று குர்கானில் நிகழ்ச்சி ரத்தானபோது கூட்டத்தில் சிலர் மேடையையே உடைத்தார்கள். இரண்டு நாள் கழித்துப் பெங்களூரில் அக்குழு பாடியபோது செஞ்சி, திருவண்ணாமலை வழியாகப் பேருந்தில் போய்க் கேட்டு வந்த நம் பங்குப் பிள்ளைகள் இருவரை நாம் அறிவோம். அவர்கள் எதையும் உடைக்கவில்லை, மழையில் நனைந்து காய்ச்சலோடு வந்தார்கள். ஆயினும் ரசிகர் கூட்டத்தின் இயல்பை அவர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

நம் மண்ணுக்கு இது புதிதா? நடிகரின் கட்அவுட்டுக்குப் பாலாபிஷேகம் செய்து, அடுத்த படம் ஓடாவிட்டால் அவரையே வசைபாடுபவர்களை விழுப்புரத்துத் திரையரங்கு வாசல்களில் நாம் கண்டதில்லையா? சிலைவழிபாட்டின் இலக்கணம் இதுதான்: வணங்கப்படுவது மாறக்கூடாது, மூப்படையக்கூடாது, அழக்கூடாது. அறுபதை நெருங்கும் ஒரு மனிதன் தன் சிறுவயதுக் காயத்தை எழுபத்தேழு நிமிடம் பேசுகிறான். பிடிக்கவில்லை என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பழையபடியே இரு என்று ஆணையிட உரிமை இல்லை.

இங்கே பெரியவரும் நான்காம் இளைஞரும் ஒரே பலகையில் அமர்ந்திருக்கிறார்கள். ஒருவருக்கு 1986க்குப் பின் இசை இல்லை. மற்றவருக்குத் தம் இளமையில் பாடிய மெட்டுக்குப் பின் பக்தி இல்லை. நாம் ஒரு பதிலுரைப் பாடலின் மெட்டை மாற்றிய ஞாயிறன்று கோவில் முற்றத்தில் கேட்ட வசைக்கும் படிக்கட்டில் கேட்ட வசைக்கும் வேறுபாடு அதிகம் இல்லை.

இப்போது நம் பழிக்கு வருவோம். எழுபத்திரண்டு பருவங்கள் என்பது என்ன? ஆண்டுக்கு நான்கு பருவம் என்ற மேனாட்டுக் கணக்கில் மனிதனின் முதல் பதினெட்டு ஆண்டுகள். நாம் யார், பிறர் நம்மை யார் என்று சொன்னார்கள் என்பதெல்லாம் அந்த ஆண்டுகளில் உருவாகிறது. பிறகு வாழ்நாள் முழுதும் அதைச் சுமக்கிறோம் அல்லது அதிலிருந்து விடுபடப் போராடுகிறோம் என்பதே தொகுப்பின் கருத்து. அதன் மஞ்சள் நிற அட்டையில் கரிந்துபோன ஒரு குழந்தைத் தொட்டில் காணப்படுகிறது. தமிழ் மரபில் பெரும்பொழுது ஆறு. ஆகவே நம் பிள்ளைகளுக்கு நூற்றெட்டுப் பருவங்கள். அந்த நூற்றெட்டில் நாம் என்ன செய்தோம்?

முதல் நற்கருணைக்கு மனப்பாடம். உறுதிப்பூசுதலுக்கு இன்னொரு மனப்பாடம். அதன்பின் தேர்வு மதிப்பெண். பங்கு மன்றத்தில் ஒரு கேரம் பலகை. குடித்துவிட்டு வரும் தந்தையைப் பற்றி, வேலையின்மையைப் பற்றி, உள்ளே புழுங்கும் கோபத்தைப் பற்றிக் கடவுளிடம் உரக்கப் பேசலாம் என்று எந்த வகுப்பில் சொன்னோம்? திருப்பாடல் 88 இருளிலேயே முடிகிறது. யோபு தாம் பிறந்த நாளையே சபிக்கிறார். ஆண்டவர் சிலுவையில் உரத்த குரலில் கதறினார். நம் வழிபாட்டிலோ கதறலுக்கு இடமில்லை. கைதட்டலுக்கு மட்டுமே இடம். சாவு வீட்டின் ஒப்பாரியை அநாகரிகம் என்றோம். பறையைத் தீட்டு என்றோம். அந்தத் தீண்டாமையை இசைரசனை என்று பெயரிட்டுக் கோவில் வாசலில் எத்தனை தலைமுறை நிறுத்திவைத்தோம்! மறைபரப்பு நாடுகளின் சொந்த இசை மரபைப் போற்ற வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலேயே சொல்லியது. அதற்குப் பின்னும் பறை உள்ளே வரப் போராட வேண்டியிருந்தது. சொந்த மண்ணின் அழுகையை வெளியே தள்ளிய நாம், பிள்ளைகள் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பிறந்த அழுகையைத் தேடிப் போனதைக் கண்டு வியப்பது நியாயமா?

ஆகவே நாம் கேட்பது மூன்று. பெரியவர்களே, கண்டிக்கும் முன் ஒருமுறை முழுமையாகக் கேளுங்கள். சொற்களைப் பிள்ளையிடமே கேட்டுப் பொருள் தெரிந்துகொள்ளுங்கள். இளைஞர்களே, உங்கள் பாடகனை மனிதனாக இருக்க விடுங்கள்; அப்போதுதான் அவனுடைய துயரம் உங்களுக்குப் பயன்படும். பங்குத் தந்தையரே, மன்றத்தின் கதவை மாதம் ஒரு மாலையாவது திறந்து வைத்து, அவர்கள் கேட்பதை அவர்களோடு அமர்ந்து கேட்போம். பின் திருப்பாடல் 88ஐ அவர்களோடு வாசிப்போம். இரண்டும் ஒரே கதறல்தானா, எங்கே வேறுபடுகின்றன என்று அவர்களே சொல்லட்டும்.

1998இல் நம் கையில் நாடாவைத் தந்த அவர் இன்று நாற்பதைக் கடந்திருப்பார். அவர் பெயர்கூட நமக்கு நினைவில் இல்லை. அதுவும் நம் குற்றமே. இவ்விதழ் அவர் வீட்டிற்கு வருமானால் அவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். தம்பி, நீங்கள் கேட்ட கேள்வி சரியானது. நாம் கேட்காமலே எரித்தோம். அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம்.