கணக்கெடுக்கும் கால்கள்

தோழனே!

ஊர்வலத்திலே நடந்து உள்ளங்கால் கொப்புளித்தவன் நீ. வாக்குக் கேட்டு வீதி வீதியாய் நடந்தவன் நீ. கொடியில்லை, கோஷமில்லை, மாலையில்லை, மேடையில்லை. எனினும் நள்ளிரவிலே நடக்கிறது ஒரு சிறு படை. அதைப் பற்றித்தான் இன்று உன்னோடு பேசுகிறேன்.

சென்னை நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ 7 கிலோமீட்டர் மணல். தை பிறந்துவிட்டால் அந்த மணலிலே இரவெல்லாம் நடக்கிறார்கள், 1988ஆம் ஆண்டு மாணவர்கள் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர். சம்பளம் உண்டா? சலுகை உண்டா? தூக்கம் போனதுதான் மிச்சம்!

கரையேறும் பங்குனி ஆமை, துடுப்பால் மணலைப் பறித்து, பானை போன்ற குழியிலே நூறு முட்டைக்கு மேல் இட்டு, மூடிவிட்டுத் திரும்பியும் பாராமல் கடலுக்குப் போய்விடுகிறது. என் நாடகத்திலே இப்படியொரு தாயைக் காட்டினால் கொட்டகையே கூச்சலிடும்! அவள் விட்டுச் செல்வது ஒரு தடம். அதைப் பின்பற்றி, கோலால் குத்திப் பார்த்து, மணல் இளகிய இடம் கண்டு, நாய்க்கும் நரிக்கும் முந்தி முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்திலே புதைக்கிறார்கள். நாளும் எண்ணிக்கையும் ஏட்டில் ஏறுகின்றன. 45 நாள், 50 நாள் கழிந்து குஞ்சு வெளிவரும். வெளிச்சத்தை நோக்கி ஓடுவது அதன் இயல்பு. இருண்ட இரவிலே கடல்தான் வெளிச்சம் என்றிருந்த காலம் போயிற்று. இன்று சாலை விளக்கன்றோ அதை அழைக்கிறது!

அந்த ஏட்டிலே முட்டைக்கு மட்டுமா இடம்? செத்து ஒதுங்கிய ஆமைக்கும் உண்டு. 2025 சனவரியிலே சென்னைக் கரையிலும் அண்டைக் கரைகளிலும் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின பிணங்கள். பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. எண்ணுவதற்கு ஆளில்லாதிருந்தால், 'ஏதோ நாலைந்து' என்று கோப்பை மூடியிருப்பார்கள்!

ஆமை நீரில் வாழ்ந்தாலும் நுரையீரலால் மூச்சுவிடும் உயிர். இழுவலையில் சிக்கினால் மேலே வர வழியின்றி மூச்சடைத்து மடிகிறது. தப்பிச் செல்ல வலையிலே ஒரு கதவு பொருத்தலாம். கரையோரக் கடலுக்குள் இழுவைப்படகு நுழையாதிருக்க 1983ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. ஏட்டில் இருக்கிறது, கடலில்?

காசிமேட்டுத் தோழர்கள் முகம் சுளிப்பார்கள், அறிவேன். விசைப்படகிலே கூலிக்குப் போகிறவன் நம்மவன். அந்தக் கதவு வழியே மீனும் கொஞ்சம் நழுவும். அந்த நட்டத்தை அவன் தலையிலே கட்டுவது நியாயமன்று, அரசு ஈடு செய்யட்டும். ஆனால், கரையோரத்தை இழுவலை வழித்தெடுக்கும்போது வெறுங்கையோடு திரும்பும் கட்டுமரக்காரனும் நம்மவனல்லவா? அவனுக்காகப் பேசாத வாய், வாக்குக் கேட்க மட்டும் குப்பத்துக்குள் நுழையலாமோ?

தை வரட்டும். வார இறுதி இரவுகளில் பொதுமக்களையும் அந்த நடைக்கு அழைத்துச் செல்கிறார்கள். நான் வருகிறேன், நீயும் வா. கைவிளக்கை வீட்டிலேயே வைத்துவிடு. வெளிச்சம் கண்டால் ஆமை கரையேறாது.