ஐம்பதில் பழகும் கால்

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்னும் பழமொழிக்கு மொழியியலில் ஒரு நெருங்கிய உறவினர் உண்டு. மொழியை இயல்பாக உள்வாங்கும் ஆற்றல் பூப்புப் பருவத்தை ஒட்டி மங்கத் தொடங்குகிறது என்று எரிக் லென்னபெர்க் 1967-இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். அக்கருதுகோள் குறித்த விவாதம் இன்னும் ஓயவில்லை. எனினும் அது பெரும்பாலும் வகுப்பறையைச் சுற்றியே நிகழ்கிறது. மோட்டார் பட்டறைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஐம்பதைக் கடந்த ஒருவர் பழைய புல்லட் ஒன்றை வாங்கி அதைத் தாமே பராமரிக்கக் கற்பதை நடுவயது ஆசை என்று சிரித்துக் கடப்பவரே மிகுதி. ஆய்வாளர் சிரிக்காமல் கவனிக்க வேண்டிய ஒன்று அதில் இருக்கிறது.

1955-இல் தொடங்கப்பட்ட என்பீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூர் ஆலையில் உருவாக்கிய வண்டி அது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து வடிவமைப்பு. அந்நாட்டில் உற்பத்தி 1970-உடன் நின்றுபோன பின்னரும் இங்கே தொடர்ந்தது. பழைய புல்லட்டில் கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். முதல் கியருக்கு நெம்பியை மேலே தூக்க வேண்டும். எஞ்சிய மூன்றுக்கும் கீழே மிதிக்க வேண்டும். இக்கால வண்டிகளில் பழகியவர் கியர் மாற்ற எண்ணி இடக்காலை அழுத்துவார். வண்டி நடுச்சாலையில் நின்றுவிடும். இரண்டாம் மொழி கற்பித்தலில் தாய்மொழிக் குறுக்கீடு எனப்படுவது இதுவேதான். நாவின் இடத்தில் கால்.

கால் சில வாரங்களில் பழகிவிடும். பராமரிப்பு அத்தகையதன்று. டேப்பட் சரிசெய்ய என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும்; பிஸ்டன் அழுத்த வீச்சின் உச்சியில் நிற்க வேண்டும். சிலிண்டரின் அடியில் வலப்புறமுள்ள சிறு மூடியைத் திறந்தால் இரு புஷ் ராடுகளின் கீழ்முனைகள் தெரியும். ராடு விரலுக்குத் தடையின்றிச் சுழல வேண்டும். ஆயினும் மேலும் கீழும் ஆடக் கூடாது. இதற்கு விரலே அளவுகோல். பாயின்ட் இடைவெளிக்கோ எண் உண்டு: 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். ஆனால் இடையில் நுழைத்த ஃபீலர் கேஜின் தகடு எத்துணை இறுக்கமாக இழுபட்டால் சரி என்பதை மீண்டும் விரல்தான் சொல்கிறது. வண்டியைக் கிளப்புவதும் அவ்வாறே. அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, டீகம்ப்ரஸர் நெம்பியைப் பிடித்துப் பிஸ்டனை உச்சிக்குச் சற்று அப்பால் நகர்த்தி, நெம்பியை விடுவித்து, அதன் பிறகே முழு வீச்சில் உதைக்க வேண்டும். வரிசை பிசகினால் கிக்கர் திருப்பி அடிக்கும். முழங்கால் அதை நெடுநாள் நினைவில் வைத்திருக்கும்.

சொல்லில் அடங்காத இத்தகைய அறிவைப் பற்றி மைக்கேல் பொலானி 1966-இல் ஒரு சிறு நூலே எழுதினார். பட்டறையில் சிறுவயதில் சேர்ந்தவர் அவ்வறிவைச் சொல்லின்றியே பெற்றார். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, பார்த்துக்கொண்டிருந்து, திட்டு வாங்கி, ஒருநாள் கை தானாகவே அதைச் செய்யத் தொடங்கியது. அவர் காரணம் கேட்கவில்லை, ஆசானும் கூறவில்லை. ஐம்பது வயதினருக்கு அந்த வழி ஏறத்தாழ அடைபட்டுவிட்டது. ஆகவே அவர் கேட்கிறார்: ஏன் குளிர்ந்த பிறகு? எவ்வளவு ஆட்டம் இருந்தால் அதிகம்? இது டேப்பட் சத்தம்தான் என்று எப்படித் தெரிந்தது? கை மட்டுமே அறிந்திருந்த ஒன்றுக்கு அப்போதுதான் மெக்கானிக் சொல் தேடுகிறார். தாமதமாகக் கற்பவரின் குறையாகக் கருதப்படும் இந்த ஓயாத ‘ஏன்’ இல்லையேல், அவ்வறிவு மொழிக்குள் வருவதற்கு வேறு வாயில் அரிது.

பழைய வாயில் மூடப்பட்டது நல்லதே. அது பள்ளிக்குச் செல்ல வேண்டிய குழந்தையின் செலவில் இயங்கியது. பதினான்கு வயதுக்கு உட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதை 2016-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அனைத்துத் தொழில்களுக்கும் தடை செய்தது. குடும்பத் தொழில் குறித்த அதன் விதிவிலக்கு தனியே கண்டிக்கத்தக்கது. இயந்திரமும் மாறிவிட்டது. 2009-இல் வந்த கிளாசிக் 350 பழைய தோற்றத்தை அணிந்துகொண்டது. டேப்பட் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் அமைப்பு, பாயின்ட்டுக்குப் பதில் மின்னணுப் பற்றவைப்பு. 2020-இல் கார்புரேட்டரும் போய்விட்டது. எண்ணெய் ஒழுகும் பழைய என்ஜினுக்காக இரங்க வேண்டியதில்லை. ஆனால் அதைச் சுற்றி வளர்ந்த தமிழ், அதைக் கையாண்டவர்களோடு முதுமை அடைந்துகொண்டிருக்கிறது. அரசியல் தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்று மோட்டார் சைக்கிள் பட்டறை நடத்திய மாத்யூ கிராஃபோர்டு 2009-இல் எழுதிய நூல் கைத்தொழிலின் கண்ணியத்தைப் பேசியது. அதை மேற்கோள் காட்டும் நம் கருத்தரங்குகள் பக்கத்துத் தெருப் பட்டறையின் பேச்சைப் பதிவு செய்தால் இன்னும் நன்று.

பாலக்காட்டுச் சிற்றூர் வட்டத்தின் பெருமாட்டியை ஆய்வுலகம் பிளாச்சிமடைத் தண்ணீர்ப் போராட்டத்தின் வழியாகவே அறியும். தமிழும் மலையாளமும் அடுத்தடுத்த வாக்கியங்களில் வழங்கும் எல்லைப் பகுதி அது. இத்தகைய ஊர்களுக்குக் களப்பணிக்குச் செல்வோர் உறவுப்பெயர்களையும் வேளாண் சொற்களையும் திரட்டி வருகின்றனர். பட்டறைச் சொற்கள் ஆங்கிலக் கடன் என்று விடுபட்டுவிடுகின்றன. கடனாக வந்தவை பெயர்ச்சொற்களே. நோய் கூறும் வினைகள் அந்தந்த மொழிக்கே உரியவை. தமிழில் வண்டி ‘திணறும்’, ‘இழுக்காது’. அதே குறையை மலையாளம் ‘வலிக்குன்னில்ல’ என்னும். தமிழ்ச் செவிக்கு அது வண்டிக்கு வலியில்லை என்றே கேட்கும். மாட்டுவண்டியின் இழுவை என்ஜினுக்கு ஏறிய இந்தப் பொருள்மாற்றம் ஒரு நல்ல ஆய்வேட்டுக்குப் போதிய பொருள்.

களப்பணி முறையையும் சிறிது மாற்ற வேண்டும். பதிவுக் கருவியை மெக்கானிக்கின் முன் வைத்து விளக்கச் சொன்னால் அவர் இரண்டு வாக்கியங்களில் முடித்துவிடுவார். மூடி திறந்திருக்க, அவருக்கு அருகில் கிரீஸ் படிந்த கையோடு நரைத்த தலை மாணவர் ஒருவர் குந்தியிருக்கும் வேளையில் பதிவு செய்வதே பயன் தரும். கேள்விகளை அவரே கேட்டுக்கொள்வார்.