பெற்றவளைப் பழிக்காதீர்!

விடியற்காலை. பிரட்டுக்கு நேரமாகிவிட்டது. இரவெல்லாம் தூங்காத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள் ஒரு தாய். ஐந்து வயதாகியும் அது இன்னும் 'அம்மா' என்று கூப்பிடவில்லை. 'இந்தப் பிள்ளையை எங்களால பாத்துக்க முடியாது' என்று ஆயாக் கொட்டகையில் சொல்லிவிட்டார்கள். வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் போச்சு!

இது போதாதென்று லயத்துப் பேச்சு வேறு. 'கிரகணத்தப் பாத்திருப்பா', 'வளர்க்கத் தெரியல', 'எங்க வம்சத்துல இப்படி ஒண்ணும் இல்லியே!' பிள்ளையைச் சுமப்பவளால் இந்தச் சொல்லையும் எப்படிச் சுமக்க முடியும்?

தோழர்களே! ஆட்டிசம் என்பது மூளை வளரும் விதத்தில் பிறவியிலேயே உள்ள வேறுபாடு. செய்வினையும் அல்ல, தாயின் குற்றமும் அல்ல. தாய் அன்பு காட்டாததால் வருகிறது என்று 1950, 60-ஆம் ஆண்டுகளில் மேல்நாட்டு டாக்டர்களே சிலர் சொன்னார்கள். அது தவறென்று பிறகு கைவிட்டார்கள். படித்தவர்களே திருத்திக்கொண்டபோது நாம் ஏன் பழைய பழியைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும்?

தகப்பன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. கவலையை மறக்கக் குடிக்கப் போனால், வீட்டில் இருப்பவளுக்கு அது இரட்டைக் கவலை. ஓர் இரவு நீங்கள் விழித்திருங்கள், அவள் தூங்கட்டும்.

பிள்ளையை ஒளித்து வைக்காதீர்கள். அரசாங்கக் கிளினிக்கில் டாக்டரிடம் காட்டுங்கள். அவர் உறுதிப்படுத்தினால் சமூகநல இலாகாவில் பதிந்து ஓ.கே.யு. அட்டை வாங்கலாம். இவர்களுக்கென்று 2008-இல் சட்டமே வந்திருக்கிறது. 1984-இல் திரெங்கானுவில் தொடங்கிய பி.டி.கே. பயிற்சி நிலையங்கள் இன்று நாடெங்கும் உண்டு. பள்ளிகளில் சிறப்புக் கல்வி வகுப்புகளும் உண்டு.

ஆனால் அட்டை வந்தால் மட்டும் தூக்கம் வந்துவிடாது. டவுனுக்குப் போய்வர ஒருநாள் சம்பளமும் பஸ் காசும் வேண்டும். எனவே நாம் கேட்பது இரண்டு. பிள்ளையைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போகும் நாளில் சம்பளம் பிடிக்கக் கூடாதென்று தொழிற்சங்கம் நிர்வாகத்திடம் பேச வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரமாவது பக்கத்து வீட்டார் முறை போட்டு அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாவு வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் ஒன்றுகூடும் தோட்டம் நம்முடையது. இந்த வீட்டுக்கு மட்டும் ஏன் போகக் கூடாது? இன்றே கதவைத் தட்டி, 'அக்கா, நீங்க கொஞ்சம் படுங்க, புள்ளைய நான் பாத்துக்கறேன்' என்று சொல்லுங்கள்.