டயாலிசிஸுக்குப் போகிறவர் கருங்காலியா?

ஸ்ட்ரைக் என்றால் கேட் முன்னால் தலை எண்ணுகிறோம். வாரம் மூன்று நாள் டயாலிசிஸில் படுக்கிற நம்ம ஆள் வரவில்லையா? 'கருங்காலி!' சொன்னது முதலாளி இல்லை சார், நீங்களும் நானும்தான். கூச்சத்தில் மறுநாள் அவரும் வந்து சங்கத்து நோட்டில் கையெழுத்துப் போடுவார்.

1948-ம் வருட ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் 63-வது பிரிவு என்று ஒன்று இருந்ததே, தெரியுமா? ஸ்ட்ரைக்கில் இருக்கிற நாளுக்குப் பொதுவாக நோய்க்கால உதவித்தொகை கிடையாது என்று எழுதி வைத்திருந்தார்கள். சம்பளத்தை முதலாளி நிறுத்துவார், சரி. இந்தப் பணத்துக்கு வேட்டு வைக்கக்கூடியது நம்ம நோட்டு!

அவர் மெடிக்கல் சர்டிஃபிகேட் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கட்டும். 'இவர் ஸ்ட்ரைக்கில் இல்லை, நோயில் இருக்கிறார்' என்று சங்கமே எழுதிக் கொடுக்கட்டும். உண்டியல் குலுக்குகிறோமே, முதல் பங்கு அவர் வீட்டுக்கு. ஆஸ்பத்திரிக்குத் துணையாக ஒருத்தர் போகட்டும். கோஷத்தில் இரண்டு குரல் குறையும். குறையட்டுமே, என்ன இப்போ?