பேட்டரிக்கு ‘லைஃப்டைம் வாரண்டி’: யாருடைய லைஃப், எதற்கு வாரண்டி?

மின்சார கார் ஷோரூமுக்குள் நுழைந்தால் இப்போதெல்லாம் கேள்வி கேட்பதற்கு முன்பே பதில் வந்துவிடுகிறது. “பேட்டரியைப் பத்திக் கவலையே படாதீங்க சார், லைஃப்டைம் வாரண்டி இருக்கு!” அதைக் கேட்டதும் பலர் பாதி முடிவை அங்கேயே எடுத்துவிடுகிறார்கள். காரின் விலையில் பெரும் பங்கு பேட்டரிதான். லோன் போட்டு வாங்கிய வண்டியில் அது போய்விட்டால் என்ன பண்ணுவது என்ற பயம் நியாயமானது. அந்தப் பயத்துக்கு மருந்தாக வந்ததுதான் இந்த வாரண்டி. ஆனால், மருந்துச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பவர்கள்தான் குறைவு.

இந்தக் கேள்வி இன்னும் கொஞ்ச நாளில் சூடுபிடிக்கும். 2020 ஜனவரியில் டாடா நெக்ஸான் மின்சார கார் விற்பனைக்கு வந்தது. நடுத்தரக் குடும்பங்கள் ஓரளவு எண்ணிக்கையில் வாங்க ஆரம்பித்த முதல் மின்சார கார் என்று அதைச் சொல்லலாம். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை வாரண்டி. அப்படியென்றால், அந்த முதல் வண்டிகளின் 8 வருடம் 2028-ல் முடிகிறது. வாரண்டி முடிந்த மின்சார கார் என்ற புது வகை வண்டி நம் ஊர் செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு அப்போதுதான் கணிசமாக வரப்போகிறது.

‘லைஃப்டைம்’ என்றால் எத்தனை வருடம்?

டாடா 2025-ல் ஹாரியர் மின்சார காரோடு லைஃப்டைம் பேட்டரி வாரண்டியைக் கொண்டுவந்தது. பிறகு கர்வ், 45 கிலோவாட் ஹவர் நெக்ஸான் ஆகியவற்றுக்கும் நீட்டித்தது. அந்த ‘லைஃப்டைம்’ என்பது முதல் பதிவிலிருந்து 15 வருடம். கிலோமீட்டர் வரம்பு இல்லை, ஆனால் முதல் உரிமையாளருக்கு மட்டும். மஹிந்திரா 2024 நவம்பரில் சென்னையில் வைத்து அறிமுகப்படுத்திய பிஇ 6, எக்ஸ்இவி 9இ கார்களிலும் லைஃப்டைம் முதல் உரிமையாளருக்குத்தான். கை மாறினால் அது 10 வருடம் அல்லது 2 லட்சம் கிலோமீட்டராகச் சுருங்கும். 2024 செப்டம்பரில் வந்த எம்ஜி விண்ட்சரிலும் இதே கதைதான்: முதல் உரிமையாளருக்கு லைஃப்டைம், அடுத்தவருக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர்.

இதில் ஏமாற்று வேலை ஒன்றும் இல்லை. எல்லாம் நிறுவனங்களே அறிவித்த நிபந்தனைகள்தான். 15 வருடம் என்பது நல்ல காலமும்கூட. ஆனால், ஒரே காரை 15 வருடம் வைத்திருக்கும் வீடு எத்தனை? ஏழெட்டு வருடத்தில் வண்டியை மாற்றும் குடும்பத்துக்கு இந்த வாரண்டியின் பின்பாதி கைக்கு வராது. வண்டியை வாங்குபவருக்கும் அது முழுசாகப் போய்ச் சேராது. அதனால் வாங்கும்போதே கேட்க வேண்டியது, “விக்கும்போது இந்த வாரண்டியில என்ன மிஞ்சும்?” என்பதுதான். அப்பா பெயரில் இருக்கும் வண்டியை மகன் பெயருக்கு மாற்றினால் அது ‘இரண்டாவது உரிமையாளர்’ கணக்கா என்பதையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குவது நல்லது. வீட்டில் நடக்கிற விஷயம்தானே இது.

கெடுவது வேறு, தேய்வது வேறு

வருடக் கணக்கைவிட முக்கியமான எண் ஒன்று இருக்கிறது. விளம்பரத்தில் அது பெரும்பாலும் வராது.

பேட்டரி இரண்டு விதமாகக் காலை வாரலாம். ஒன்று, ஒரு செல்லோ மாட்யூலோ பழுதாகி வண்டி நின்றுபோவது. இது வாரண்டிக்குள் வரும், அதில் பெரிய சண்டை வராது. இன்னொன்று, வண்டி ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் ஒரு சார்ஜில் போகும் தூரம் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். செல்போன் பேட்டரி மாதிரிதான். லித்தியம் பேட்டரிக்கு இது இயல்பு. எந்த அளவு வரை இயல்பு, எதற்குக் கீழே போனால் பழுது என்பதில்தான் எல்லாச் சிக்கலும்.

பழைய 30.2 கிலோவாட் ஹவர் நெக்ஸானையே எடுத்துக்கொள்வோம். சான்றிதழில் 312 கிலோமீட்டர். நடைமுறையில் 200 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், புது வண்டி சென்னையிலிருந்து ஈசிஆர் வழியாகப் புதுச்சேரிக்கு ஒரே சார்ஜில் தாராளமாகப் போய்விடும். பேட்டரியின் கொள்ளளவு 30 சதவீதம் குறைந்தால் கையில் இருப்பது 140 கிலோமீட்டர். மரக்காணத்தைத் தாண்டிவிடலாம், புதுச்சேரி சந்தேகம்தான். வண்டி ‘நல்லாத்தான்’ ஓடுகிறது. ஆனால், வாங்கியபோது இருந்த வண்டி அது இல்லை.

இந்தப் பிரச்சினையை உலகம் முதலில் பார்த்தது ஒரு வெயில் ஊரில். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் பகுதியில் நிசான் லீஃப் வைத்திருந்தவர்கள் 2012-ல் புகார் சொல்ல ஆரம்பித்தார்கள். மீட்டரில் இருந்த 12 கொள்ளளவுக் கட்டைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அந்தக் காரின் பேட்டரியைக் குளிர்விக்க திரவக் குளிரூட்டல் கிடையாது. விஷயம் வழக்கு வரை போனது. அந்த வருட இறுதியில்தான் கொள்ளளவுக்கும் வாரண்டி தருவதாக நிசான் அறிவித்தது. 5 வருடம் அல்லது 60,000 மைலுக்குள் 9 கட்டைக்குக் கீழே, அதாவது சுமார் 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் சரிசெய்து தருவோம் என்றது. கவனிக்க: புது பேட்டரி தருவதாகச் சொல்லவில்லை. 9 கட்டைக்குக் குறையாமல் கொண்டுவந்து தருவோம் என்றுதான் வாக்கு. இன்றைக்கும் பல வாரண்டிகளில் ‘மாற்றித் தருவோம்’ என்ற வார்த்தைக்குப் பின்னால் ‘பழுது பார்த்து’ என்ற வார்த்தையும் ஒளிந்திருக்கும்.

இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றில் திரவக் குளிரூட்டல் இருக்கிறது. இங்கே பரவலாக வரும் எல்எஃப்பி வகை பேட்டரிகள் வெப்பத்தை ஓரளவு தாங்கும். ஆகவே வேலூர் வெயிலில் நிறுத்தினால் லீஃப் கதை அப்படியே திரும்பும் என்று பயப்பட வேண்டியதில்லை. பாடம் வேறு. வருடத்தையும் கிலோமீட்டரையும் மட்டும் சொல்லி, சதவீதத்தைச் சொல்லாத வாரண்டி பாதி வாரண்டிதான்.

உலக அளவில் இதற்கு எண் வந்துவிட்டது. ஐ.நா.வின் வாகன விதிமுறை அமைப்பு 2022-ல் ஏற்ற ஜிடிஆர் 22 என்ற விதி, 5 வருடம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டரில் 80 சதவீதம், 8 வருடம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டரில் 70 சதவீதம் கொள்ளளவு மிஞ்ச வேண்டும் என்கிறது. ஐரோப்பாவின் யூரோ 7 விதி இரண்டாவது எண்ணை 72 ஆக வைத்திருக்கிறது. இந்தியாவில் 2022-ல் மின்சார ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்து எரிந்த பிறகு பேட்டரி விதிகள் கார்களுக்கும் சேர்த்தே கடுமையாக்கப்பட்டன. ஆனால் அவை பாதுகாப்பைப் பற்றியவை, தேய்மானத்தைப் பற்றியவை அல்ல. “சட்டம் இத்தனை சதவீதம் என்கிறது, உங்கள் வண்டி அதற்குக் கீழே போய்விட்டது” என்று ஷோரூமில் காட்டிப் பேச இங்கே கார் வாங்கியவர் கையில் ஒரு எண் இல்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் முதலில் சரிசெய்ய வேண்டிய இடம் இதுதான். வாரண்டி விளம்பரத்தில் வருடம் எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ, சதவீதமும் அதே அளவு எழுத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு வரி விதி போட்டாலே பாதி குழப்பம் தீரும்.

ஆயில் இல்லை, சர்வீஸ் உண்டு

‘மின்சார காருக்கு சர்வீஸே வேண்டாம்’ என்பது பாதி உண்மை. இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கிளட்ச் இவையெல்லாம் கிடையாது. செலவு நிஜமாகவே குறைவு. ஆனால் பிரேக் ஆயில், கூலன்ட், ஏசி ஃபில்டர், சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ் ஆயில் எல்லாம் இருக்கின்றன. டயர் சீக்கிரம் தேயும், ஏனென்றால் வண்டி கனம், எடுத்தவுடன் இழுவையும் அதிகம். பிரேக் பேட் நேர்மாறு. மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் நீண்ட நாள் வரும்.

பலருக்குத் தெரியாத ஒன்று, இந்தக் காரிலும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கிறது. பெரிய பேட்டரி 90 சதவீதம் சார்ஜில் இருந்தாலும், இது செத்துவிட்டால் கார் ‘ஸ்டார்ட்’ ஆகாது. பெரும்பாலும் லைஃப்டைம் வாரண்டிக்குள் வராது.

சர்வீஸ் தேதியைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. பெட்ரோல் காரை ரெண்டு மாசம் தாமதமாக விட்டால் ஆயில் கொஞ்சம் கறுக்கும், அவ்வளவுதான். இங்கே பேட்டரி வாரண்டியே சர்வீஸ் அட்டவணையோடு கட்டப்பட்டிருக்கும். ‘ஆயில் மாத்த ஒண்ணும் இல்லையே’ என்று ஒரு சர்வீஸை விட்டவர், பின்னால் பேட்டரிப் பழுதுக்குப் போகும்போது அந்த விடுபட்ட வரியை அவரிடமே காட்டுவார்கள். ஒவ்வொரு சர்வீஸ் பில்லையும் பத்திரப்படுத்துவது அவசியம். கூலன்டையும் தெருமுனைப் பட்டறையில் ‘ஏதோ ஒன்று’ ஊற்றக் கூடாது. பேட்டரிக்கென்று சொல்லப்பட்ட வகையையே ஊற்ற வேண்டும். ஆரஞ்சு நிறக் கேபிள்கள் தெரிந்தால் எந்த மெக்கானிக்கும் கை வைக்கக் கூடாது, அதில் ஓடுவது 300 வோல்ட்டுக்கு மேல்.

தண்ணீர் வந்தால்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையின் தெருக்களில் கார்களை மிதக்கவிட்டதை மறந்திருக்க முடியாது. பேட்டரிக்கு ‘ஐபி67’ என்று விளம்பரத்தில் பார்த்திருப்பீர்கள். 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்பதுதான் அதன் அர்த்தம். சோதனை நடப்பது நல்ல தண்ணீரில். சாக்கடை கலந்த வெள்ளத்தில் இரண்டு நாள் நின்ற வண்டிக்கு அந்த எண் எந்த உறுதியும் தராது. வெள்ளச் சேதம் பொதுவாக வாரண்டியில் சேராது. அது இன்சூரன்ஸ் கணக்கு.

இன்சூரன்ஸிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. வழக்கமான முழுக் காப்பீட்டில் பிளாஸ்டிக், டயர், ‘பேட்டரி’ ஆகியவற்றுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். இந்தச் சொல் 12 வோல்ட் பேட்டரியை மனதில் வைத்து எழுதப்பட்ட காலத்தது. காரின் பாதி விலைக்கு நெருங்கும் பெரிய பேட்டரியை இதில் எப்படிக் கணக்கிடுவார்கள் என்று பாலிசி எடுக்கும்போதே கேட்க வேண்டும். ‘ஸீரோ டெப்’ போதுமா, பேட்டரிக்குத் தனி ஆட்-ஆன் வேண்டுமா என்பதற்கு ஏஜென்ட் வாயால் சொல்வது பதில் ஆகாது. வெள்ளத்தில் நின்ற வண்டியை எக்காரணம் கொண்டும் ஆன் செய்யாமல், சார்ஜரும் போடாமல், இழுவை வண்டியில் ஏற்றி சர்வீஸ் சென்டருக்கு அனுப்புங்கள்.

கரண்ட் பில்

இதில் கவலைப்பட அதிகம் இல்லை. யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்று வைத்தால், மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு சுமார் 150 யூனிட். மேல் ஸ்லாபில் யூனிட் 10 ரூபாய் என்று கணக்கிட்டாலும் 1,500 ரூபாய்தான். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் கார் அதே தூரத்துக்கு 67 லிட்டர் கேட்கும். ஆனால் தமிழ்நாட்டில் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. கார் மட்டுமே 300 யூனிட் சேர்க்கும். 500-ஐத் தாண்டும் வீடுகளுக்குக் கீழ் ஸ்லாப் சலுகை போய்விடுவதால் பில் ஒரேயடியாகத் தாவும். அது காரின் குற்றம் இல்லை, ஸ்லாபின் கணக்கு. 15 ஆம்பியர் பிளக்கில் போடுவதென்றால் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீசியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

விற்கும் நாளில்

செகண்ட் ஹேண்டில் பெட்ரோல் கார் வாங்குபவர் கூடவே மெக்கானிக்கைக் கூட்டிப்போவார். அவர் சத்தத்தைக் கேட்டே இன்ஜினைச் சொல்லிவிடுவார். மின்சார காரில் கேட்க சத்தம் இல்லை. தெரிய வேண்டியது ஒரே எண்: பேட்டரியில் எத்தனை சதவீதம் மிச்சம் என்ற ‘ஸ்டேட் ஆஃப் ஹெல்த்’. அந்த எண் காருக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் உரிமையாளருக்குத் திரையில் காட்டுவது கட்டாயம் இல்லை. பெரும்பாலும் சர்வீஸ் சென்டரின் கருவிதான் அதைப் படிக்கும்.

ஐரோப்பிய யூனியன் 2023-ல் கொண்டுவந்த பேட்டரிச் சட்டம், இந்த விவரத்தை வண்டியை வாங்கியவரும் படிக்கும்படி வைக்கச் சொல்கிறது. 2027 பிப்ரவரி முதல் ஒவ்வொரு மின்சார கார் பேட்டரிக்கும் டிஜிட்டல் பாஸ்போர்ட் கட்டாயம். இங்கே 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ‘ரைட் டு ரிப்பேர்’ இணையதளத்தைத் தொடங்கியது. அதில் வாகனத் துறையும் உண்டு. ஆனால் இணையதளம் வேறு, சட்டம் வேறு. பேட்டரியின் உடல்நிலை அறிக்கை உரிமையாளரின் சொத்து, கேட்டால் இலவசமாகத் தர வேண்டும் என்று சட்டம் சொல்லும்வரை, பழைய வண்டியின் விலையை நிர்ணயிக்கும் அதிகாரம் அதை விற்ற நிறுவனத்திடமே இருக்கும்.

அதுவரை செய்யக் கூடியது இது: டெலிவரி எடுக்கும்போதும், ஒவ்வொரு வருட சர்வீஸிலும் ‘ஸ்டேட் ஆஃப் ஹெல்த்’ எண்ணை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் மின்னஞ்சலில் கேளுங்கள், மறுப்பும் ஆவணம்தான். தகராறு என்று வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தபடியே. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். ஆணையம் முதலில் கேட்கப்போவது அந்த ஜாப் கார்டுகளைத்தான்.