குடலுக்கும் சருமத்துக்கும் 'டிராகன் ரத்தம்': அமேசான் மரச்சாறு உண்மையில் வேலை செய்யுமா?

சின்ன பாட்டிலில் கருஞ்சிவப்பாக ஒரு திரவம். முகத்தில் பூசலாம், வயிறு சரியில்லையா, சில சொட்டு குடிக்கலாம் என்று சொல்லி ஆன்லைனில் விற்கிறார்கள். பெயர் 'சாங்ரே டி டிராகோ', அதாவது டிராகனின் ரத்தம். இதில் எவ்வளவு உண்மை?

இது என்ன?

குரோட்டான் லெக்லெரி என்ற அமேசான் மரத்தின் சாறு. பெரு, ஈக்வடார் பகுதிப் பழங்குடியினர் மரப்பட்டையைக் கீறி இதை எடுக்கிறார்கள். வெட்டுக்காயம், பூச்சிக்கடி, வயிற்றுப்போக்கு என எல்லாவற்றுக்கும் தலைமுறைகளாக இதுதான் கைமருந்து. தோலில் தேய்த்தால் நுரைத்து, காய்ந்ததும் மெல்லிய படலமாகக் காயத்தை மூடிக்கொள்ளும்.

குடலுக்கு உதவுமா?

ஒரு விஷயத்தில், ஆமாம். இந்தச் சாற்றிலிருந்து சுத்திகரித்து எடுத்த 'குரோஃபெலெமர்' மாத்திரைக்கு 2012 டிசம்பர் 31 அன்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதி தந்தது. அதுவும் ஹெச்.ஐ.வி. சிகிச்சையில் உள்ள பெரியவர்களுக்கு, தொற்று காரணமாக வராத வயிற்றுப்போக்குக்கு மட்டும்.

குடல் சுவரில் குளோரைடு வெளியேறும் இரண்டு வகைப் பாதைகளை இது அடைக்கிறது. குளோரைடு போனால் பின்னாலேயே தண்ணீரும் போகும். பாதையை அடைத்தால் நீர்ப்போக்கு குறையும். அவ்வளவுதான். கிருமியைக் கொல்லாது, குடலை 'டீடாக்ஸ்' செய்யாது. முக்கிய மருத்துவ ஆய்வில் மாத்திரை எடுத்தவர்களில் 17.6 சதவீதம் பேருக்கும், போலி மாத்திரை எடுத்தவர்களில் 8 சதவீதம் பேருக்கும் பலன் தெரிந்தது. வித்தியாசம் உண்மைதான், ஆனால் அதிசயம் இல்லை.

சருமத்துக்கு?

சாற்றில் உள்ள டாஸ்பின் என்ற வேதிப்பொருள் காயம் ஆற உதவுவதாக ஆய்வக, விலங்குச் சோதனைகள் காட்டுகின்றன. முகப்பரு, கரும்புள்ளி, சுருக்கம் போன்றவற்றுக்கு அந்த அளவு ஆதாரம்கூட இல்லை. இன்னொரு சிக்கல்: ஏமனின் சோகோட்ரா தீவு மரத்தின் பிசினுக்கும், தென்கிழக்கு ஆசியப் பிரம்பு வகையின் பிசினுக்கும் இதே 'டிராகன் ரத்தம்' என்ற பெயர்தான். லேபிளில் தாவரப் பெயரைப் பார்க்காமல் வாங்கினால், கையில் இருப்பது எது என்றே தெரியாது.

லாபம் யாருக்கு?

பழங்குடி வைத்தியர்களின் அறிவை வைத்து இந்த மருந்தைத் தேடத் தொடங்கியது 'ஷாமன் ஃபார்மசூட்டிகல்ஸ்' என்ற அமெரிக்க நிறுவனம். 2001-ல் அது திவாலானது. ஆராய்ச்சி 'நேப்போ' நிறுவனத்துக்குப் போனது. மும்பையின் க்ளென்மார்க் நிறுவனமும் பின்னர் உரிமம் பெற்றுக் கைகோத்தது. மருந்து கைமாறிக்கொண்டே போனது. வழிகாட்டிய காட்டு மக்களுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி மட்டும் நகரவில்லை. மஞ்சளின் காயம் ஆற்றும் குணத்துக்கு அமெரிக்காவில் தரப்பட்ட காப்புரிமையை எதிர்த்து, 1997-ல் அதை ரத்து செய்யவைத்த இந்தியாவுக்கு இது புதிய கேள்வி அல்ல. மரபணு வளத்தையோ மரபு அறிவையோ அடிப்படையாகக் கொண்ட கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கேட்டால், அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும் என்ற சர்வதேச ஒப்பந்தம் 2024 மே மாதம்தான் ஜெனீவாவில் நிறைவேறியது.

அப்போ, வாங்கலாமா?

ஆய்வில் சோதித்தது அளவு நிர்ணயித்த மாத்திரையை. பாட்டில் சொட்டை அல்ல. அந்த மாத்திரையைத் தரும் முன்புகூட, தொற்று இல்லை என்று டாக்டர் உறுதிசெய்ய வேண்டும். காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் சொட்டு மருந்தைத் தேடாமல் டாக்டரிடம் போங்க. சாதாரண வயிற்றுப்போக்கு என்றால் முதல் தேவை ஓ.ஆர்.எஸ். கரைசல். அது தெருமுனை மெடிக்கல் ஷாப்பிலேயே கிடைக்கும்.